சாய்ந்தால் சத்தம் வரும் நாற்காலி

ஆத்தப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவனுடைய பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக்கொதிப்பு, ஆத்தப்பனுக்குப் பயம். துணி சாயத்துக்குப் போனால் நிறம் மாறி வந்துவிடுமோ என்று பயப்படுவான். நிறம் சரியாகவே வந்துவிட்டால், இவ்வளவு சரியாக வந்திருக்கிறதே, வேறு எங்கேயாவது கோளாறு இருக்குமோ என்று அதற்கும் பயப்படுவான். திருப்பூரில் இப்படிப்பட்ட ஆளுக்குப் பொருந்துகிற வேலை ஒன்று உண்டு. அதில்தான் அவனும் இருந்தான். மனைவி கலாமணியின் அண்ணன் மருதாசலம் நடத்திய பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்து, பழுது உள்ள இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வைப்பது அவன் வேலை. “பயந்தவன் கண்ணுக்குத்தான் பழுது தெரியும்” என்று மருதாசலம் நாலு பேர் முன்னால் சொல்லுவார். அது பாராட்டா ஏச்சா என்று ஆத்தப்பனுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அப்படிப்பட்டவன் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கினான் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? ஆனால் தொடங்கினான். 2009ஆம் வருஷம் அது. அமெரிக்காவில் ஏதோ பாங்கு கவிழ்ந்ததென்றார்கள். இங்கே தையல் மெஷின்கள் வரிசை கட்டிய பவர் டேபிள்கள் ஓடாமல் நின்றன. மருதாசலத்தின் கட்டடத்தில் மாடித் தையல் பிரிவு காலியாகி, தரையில் நூல் பிசிறு மட்டும் கிடந்தது. அதே சமயம் பெரிய கம்பெனிகளில் வேலை போன, ஆர்டர் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர்கள் ஆளுக்கொரு வெளிநாட்டுப் பையரைப் பிடித்துக்கொண்டு தனித்தனி ஏஜென்ட் ஆகிவிட்டார்கள். ஆபீஸ் கிடையாது. பேக்கரியில் உட்கார்ந்து, தேங்காய் பன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பார்கள். டீ ஆறிப்போனதும் கடைக்காரன் முறைப்பான். இவர்களுக்கெல்லாம் ஒரே மாடியில் ஆளுக்கொரு மேசை, நாற்காலி, இன்டர்நெட், கரண்ட் போனால் ஜெனரேட்டர், போர்டில் போட்டுக்கொள்ள ஒரு முகவரி எல்லாம் மாத வாடகைக்குக் கொடுத்தால் என்ன என்று ஆத்தப்பனுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லப் பயந்துகொண்டு பல நாள் இருந்தான். கடைசியில் கலாமணிதான் அண்ணனிடம் போட்டு உடைத்தாள்.

மருதாசலம் தங்கை முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் கெடு வைத்தார்.

“தீபாவளி வரைக்கும் மாடி உங்களுதுங்க மாப்ளே. அதுக்குள்ள ஆள் நெறஞ்சாச் சரி. இல்லீன்னா துணி வெட்டற கட்டிங்கை மேல ஏத்தீருவேன். நீங்களும் பழையபடி செக்கிங்குக்கே வந்துருங்க. நாம என்ன அன்னியமா?”

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது. தோற்றுத் திரும்பிப் போனால், சாகும் வரை அந்த ‘மாப்ளே’யில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். 

முதலில் கோயமுத்தூருக்குப் போய்ப் புது மேசை நாற்காலிகள் பார்த்தான். ஷோரூம் பையன் கண்ணாடித் தடுப்பு வைத்த மேசைகளைக் காட்டினான். ஆத்தப்பன் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் வாங்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று மட்டும் அங்கே புரிந்தது. ஒரு டீஷர்ட்டைக் கை விரித்துப் பரப்பிப் போடுகிற அகலம் மேசைக்கு வேண்டும். பூட்டுகிற டிராயர் கட்டாயம் வேண்டும். ஒருத்தன் சாம்பிளை இன்னொருத்தன் பார்த்துவிட்டால் மறுவாரமே அதே டிசைன் வேறு லேபிளில் கப்பலேறிவிடும். ஆனால் உயரமான தடுப்பு ஆகாது. தன் சாம்பிளை யாரும் பார்க்கக் கூடாது, அடுத்தவனைத் தேடி யார் வருகிறார்கள் என்று மட்டும் தனக்குத் தெரிய வேண்டும். இதுதான் திருப்பூர்க்காரன் மனசு. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறினான்.

அப்புறம்தான் மங்கலம் ரோட்டில் ஷாபாஸின் பழைய சாமான் கிடங்குக்குப் போனான். ஷாபாஸ் இளவட்டம்தான், வாய் ஓயாது. மூடிய கம்பெனிகளின் மேசை, பீரோ, பேன் எல்லாம் அங்கே கூரை தொட அடுக்கியிருந்தன. ஆத்தப்பன் பையில் அம்பு ஸ்டிக்கர் சுருளோடு வந்திருந்தான். கைப்பழக்கம் போகுமா? ஒவ்வொரு மேசையையும் பனியனைப் போலவே புரட்டிப் பார்த்தான். கால் ஆடுகிற இடத்தில் ஒரு அம்பு, ரெக்சின் தையல் பிரிந்த இடத்தில் ஒரு அம்பு, பூட்டு பிடிக்காத டிராயரில் ஒரு அம்பு.

“அண்ணா, இது எக்ஸ்போர்ட் போற சரக்கில்லீங்க” என்று ஷாபாஸ் சிரித்தான்.

பழுது குறைவான மேசைகள் ஒரே வரிசையாகப் பின்சுவர் ஓரம் நின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே மரம், பூட்டுள்ள டிராயர். இவனுக்கென்றே செய்தது போல இருந்தன. அவற்றுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஒரு பெரிய மேசையும், முதுகு உயர்ந்த ஒரு சுழல் நாற்காலியும். நாற்காலியைத் தடவிப் பார்த்து, மனசு கேட்காமல் அதில் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தான்.

கிரீச்.

ஆத்தப்பன் துள்ளி எழுந்தான். அந்தச் சத்தம் திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அது சிவராஜ் முதலாளியின் நாற்காலி.

சிவராஜ் பெரிய எக்ஸ்போர்ட்டர். மருதாசலத்தைப் போன்ற சின்னக் கம்பெனிகள் அவரிடம் வேலை வாங்கித் தைத்துப் பிழைத்தன. சாம்பிளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போவது ஆத்தப்பன்தான். மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். எதிரே நாற்காலி கிடந்தாலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவர் சாம்பிளை இழுத்துப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் தலையாட்டுவார். பிடிக்காவிட்டால் பின்னால் சாய்வார். கிரீச் என்று சத்தம் வரும். “அடுத்த வாரம் பாக்கலாமப்பா” என்பார். அடுத்த வாரம் என்று ஒன்று வந்ததே இல்லை. அவர் ஒரு நாளும் கத்திப் பேசினவர் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வந்தவன் தானாகச் சாம்பிளைச் சுருட்டிக்கொண்டு வெளியேறிவிடுவான்.

அந்தச் சிவராஜ் போன வருஷம் நொடித்துப் போனார். கம்பெனி படுத்தது, வீடு போனது. மனைவியின் ஊரான அமராவதி நகர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார் என்று பேச்சு. நொடித்த கம்பெனிப் பொருளைத் திருப்பூரில் யாரும் வாங்க மாட்டார்கள். அதைத் தொட்டவன் தொழிலும் அதே வழியில் போகும் என்பது ஊர் நம்பிக்கை. பழைய சாமான் வியாபாரிகளே அதைப் பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் ஏற்றிவிட்டுவிடுவார்கள்.

“ஏம்பா ஷாபாஸ், இதை எதுக்கு இங்கியே வெச்சிருக்கறே?”

“வெளியூர்லயும் குவிஞ்சு கெடக்குதுங்ணா. வருசம் அப்படி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க பாக்கற மேசையெல்லாம் அந்தக் கம்பெனிதானுங்க. எடுத்தா மொத்தமா எடுத்துக்குங்க. சின்னதை எடுத்துக்கிட்டுப் பெரிசை உட்டுட்டுப் போனீங்கன்னா அது என் தலைமேலயே நிக்கும்.”

இது ஆகாது என்று ஒரு பயம். விட்டால் வேறு எங்கே கிடைக்கும் என்று இன்னொரு பயம். மாடி காலியாகக் கிடந்தால் செக்கிங் டேபிள் காத்திருக்கிறது என்பது எல்லாவற்றுக்கும் மேலான பயம். பெரிய பயம் சின்னப் பயத்தை விழுங்கியது. மொத்தமாக எடுத்துக்கொண்டான்.

லாரியில் தார்ப்பாய் போட்டு மூடி, ஊர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிற மத்தியானமாகப் பார்த்துக் கொண்டுவந்து இறக்கினான். உடுமலையிலிருந்து, சிவராஜைத் தெரியாத ஆசாரி ஒருவரை வரவழைத்தான். பெரிய மேசையின் முன்பலகையில் பூ வேலைப்பாடு இருந்தது. தலைகுனிந்து நின்ற அத்தனை பேரும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த பலகை. அதைக் கழற்றிவிட்டு வெறும் பிளைவுட் அடிக்கச் சொன்னான். பச்சை ரெக்சினை உரித்துக் கறுப்பு ஒட்டினான். மேசை விளிம்புக்கு அடியில், வலது கைப் பக்கம், ஆளைக் கூப்பிடுகிற பெல் ஸ்விட்ச் ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கியபோது ஒரு குழி விழுந்தது. ஆசாரிக்கு அடையாளம் காட்ட அங்கே ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினான். ஆசாரி மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்துக் குழியை அடைத்தார். ஸ்டிக்கரை உரிக்க இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

நாற்காலிக்கும் புதுத் துணி போட்டாயிற்று. சத்தத்துக்கு மட்டும் எதுவும் போட முடியவில்லை. எண்ணெய் விட்டால் ஒரு நாள் அடங்கும், மறுநாள் கிரீச். அதைத் தூக்கி ஜெனரேட்டர் அறைக்குள் போட்டுவிட்டான்.

“யாரு ஊட்டுச் சாமானுங்க இதெல்லாம்?” என்று கலாமணி கேட்டாள்.

“கோயமுத்தூர்ல எடுத்தது” என்றான். கட்டிய மனைவியிடமே பொய் சொல்லியாயிற்று. அன்றிலிருந்து அவன் பயம் இரண்டு மடங்காயிற்று.

மேசைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. முதலில் வந்தவர் நஞ்சப்பன்; லேபிள், பட்டன், எலாஸ்டிக் ஏஜென்ட், அறுபது வயசு, சகுனம் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கிழக்கு பார்த்த மேசை கேட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் ரைசா என்ற இளம் பெண். பெரிய கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து வெளியே வந்தவள், குழந்தைகள் உடுப்புக்கு ஒரு ஸ்பெயின் பையரைத் தனியாகப் பிடித்து வைத்திருந்தாள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மூலையில் ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு சின்ன மேசை மட்டும் சத்தத்துக்குப் பயந்து யாரும் எடுக்காமல் கிடந்தது. இடத்தின் பொறுப்பாளன் என்ற முறையில் பெரிய மேசைக்குப் பின்னால் ஆத்தப்பன் ஒரு சாதா நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

சந்தோஷப்பட வேண்டிய காலம் அது. ஆனால் நஞ்சப்பன் சும்மா இருக்கிற ஆளா? டீ வந்ததும் கதை சொல்லுவார்.

“சோமனூர்ல ஒருத்தன். நல்லா ஓடிட்டிருந்த மனுசன். நொடிச்சவன் ஊட்டுத் தறியைச் சகாயமாக் கெடைக்குதுன்னு வாங்கிப் போட்டானுங்க. ஒரே வருசம். வாங்கின தறியும் போச்சு, இருந்த தறியும் போச்சு. நானாயிருந்தா அந்தத் தூசி மேல பட்டாக்கூடத் தல முழுகீருவேனுங்க.”

சொல்லிக்கொண்டே தன் மேசையைத் தட்டுவார். ஆத்தப்பன் டீயைக் கீழே வைத்துவிடுவான். மேசைக்கு வாயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து ராத்திரியில் விழித்துக்கொள்வான். கவுளி கத்தினால் பயம், இன்டர்நெட் அறுந்தால் பயம், நஞ்சப்பன் தும்மினால்கூட அது மேசையால்தானோ என்று பயம்.

ஒரு நாள் ரைசாவின் நாற்காலிச் சக்கரம் உடைந்தது. பையர் வந்து உட்காருகிற நேரம். ஆத்தப்பன் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டான். வேறு வழியில்லாமல் அந்தச் சுழல் நாற்காலியை வெளியே எடுத்துத் தான் உட்கார்ந்தான். சாய்ந்தால்தானே சத்தம்? அவன் சாயவே இல்லை. முதுகு விறைக்க, சாமி சிலை மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். மாதக்கணக்கில் அப்படித்தான். “ஆத்தப்பண்ணனுக்கு என்னா ஒழுங்கு பாருங்க” என்று எல்லோரும் மெச்சினார்கள். வீட்டுக்குப் போனதும் கலாமணி முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், ஒரு காலையில் கரண்ட் போயிற்று, ஜெனரேட்டரிலும் டீசல் தீர்ந்திருந்தது. பேன் எல்லாம் நின்று மாடியே அமைதியாக இருந்தது. படியில் யாரோ மெதுவாக ஏறி வந்தார். மடிப்புக் கலைந்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ரெக்சின் பை. ஆத்தப்பன் தலை நிமிர்ந்தான். எதிரே நின்றவர் சிவராஜ்.

“ஆத்தப்பனுங்களா? சௌக்கியமுங்களா?”

ஒரு காலத்தில் ‘ஏப்பா’ என்று கூப்பிட்ட வாய் இப்போது ‘ங்க’ போட்டுப் பேசியது. ஆத்தப்பனுக்கு எழத் தோன்றவில்லை. எதிர் நாற்காலியில் ரைசாவின் சாம்பிள் மூட்டை கிடந்தது. உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை. அதனால் சிவராஜ் நின்றுகொண்டே பேசினார், தன்னுடைய சொந்த மேசைக்கு முன்னால்.

“பழைய பையர் ஒருத்தன் மெயில் போட்டிருக்கறானுங்க. சின்ன ஆர்டர்தான். முகவரி கேக்கறான். எனக்கு இப்பத் திருப்பூர்ல முகவரி ஏதுங்க? ஒரு மேசை கெடைக்குமான்னு கேக்கலாம்னு வந்தனுங்க. அந்த மூலையில இருந்தாலும் போதும்.”

ஆத்தப்பனுக்குக் காதில் பாதிதான் விழுந்தது. அவர் மேசையை அடையாளம் கண்டுகொண்டாரா? முகத்தில் எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: இருபது வருஷம் பின்னால் உட்கார்ந்த மனிதர் இந்த மேசையை முன்னாலிருந்து எப்போது பார்த்தார்? முன்னால் நின்றது மற்றவர்கள் அல்லவா?

சரி, மேசை தப்பித்தது. ஆளை என்ன செய்வது? பலகையைக் கழற்றலாம், ரெக்சினை மாற்றலாம். நொடித்துப் போன மனிதருக்கு எந்தப் பாலிஷ் போட்டு மறைப்பது? அவர் இங்கே உட்கார்ந்தால் நஞ்சப்பன் அன்றே மூட்டை கட்டிவிடுவார். அவர் பின்னால் மற்றவர்கள். தீபாவளிக்கு மருதாசலம் வரும்போது மாடி காலியாக இருக்கும்.  ‘அடுத்த மாசம் பாக்கலாமுங்க’ என்று சொல்லிவிட வாயெடுத்தான். சொல்வதற்காக, தன்னை அறியாமல், பின்னால் சாய்ந்தான்.

கிரீச்.

பேன் ஓடாத மாடியில் அது மூலை வரைக்கும் கேட்டது. ரைசா சட்டென்று திரும்பினாள். நஞ்சப்பன் எழுந்தே நின்றுவிட்டார். லேபிள் விற்கப் போய்ப் பதினைந்து வருஷம் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியேறிப் பழகிய உடம்பு அது. நின்றபின் தான் ஏன் நிற்கிறோம் என்று யோசித்தார். நாற்காலியைப் பார்த்தார், சிவராஜைப் பார்த்தார், தன் மேசையைக் குனிந்து பார்த்தார். 

சிவராஜ் மட்டும் ஒன்றும் தெரியாமல், “சேருக்கு எண்ணெய் உடோணுமுங்க” என்றார்.

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது யார் நாற்காலி என்று தெரிந்துபோயிற்று. அதன் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியவில்லை. அதில் அவர் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் அது தன் மூச்சுச் சத்தம் மாதிரி, காதில் விழுந்ததே இல்லை.

நஞ்சப்பன் டிராயரைப் பூட்டினார். லேபிள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். ஆத்தப்பன் எதற்கு இத்தனை மாதமாகப் பயந்தானோ அது நடந்துவிட்டது. அதற்குப் பிறகு பொய் சொல்ல அவனிடம் காரணம் மிச்சமில்லை. எழுந்து நின்றான். ரைசா அதற்குள் வந்து சாம்பிள் மூட்டையை எடுத்துவிட்டு, “உக்காருங்க சார்” என்றாள்.

“மூலை மேசை உங்களுக்குத்தானுங்க, முதலாளி” என்றான் ஆத்தப்பன். 

சிவராஜ் அன்றிலிருந்து வந்தார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து தன் மேசையைத் தானே துடைத்துக்கொள்வார். ஜெனரேட்டர் இரைச்சலில் போன் பேச முடியாமல் படிக்கட்டில் போய் நின்று பேசுவார். இன்னொரு ஏஜென்டும் அந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு போனார். நஞ்சப்பன் ஒரு வாரம் கழித்துத் தன் பொருள்களை எடுத்துப்போக வந்தார். அவரைப் பார்த்ததும் சிவராஜ் எழுந்து நின்றார். சிவராஜ் ஒருவருக்காக எழுந்து யாரும் பார்த்ததில்லை. நஞ்சப்பன் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, “நீங்க உக்காருங்க” என்றார். டிராயரைத் திறந்தார், மூடினார். “தை வரைக்கும் பாக்கறேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேசைமேல் விபூதி மட்டும் பூசிக்கொண்டார்.

ஆனாலும் பயம் போகவில்லை. தீபாவளி நெருங்கியது. மாடி நிறைந்திருந்தது என்று சொல்ல முடியாது, காலி என்றும் சொல்ல முடியாது. அதைவிட, மருதாசலமும் அந்த மேசைக்கு முன்னால் நின்றவர்தான். கம்பெனி தொடங்கிய புதிதில், சாம்பிளைத் தானே எடுத்துக்கொண்டு போய் நின்றவர். வந்தால் இந்த நாற்காலியில்தான் உட்காருவார். உட்கார்ந்தால் சாய்வார்.

மச்சான் மறுநாள் வருகிறார் என்று போன் வந்த அன்று சாயங்காலம், ஆத்தப்பன் கீழே போய்விட்டு மேலே வந்தான். சிவராஜ் பெரிய மேசைக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து லேண்ட்லைனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் அவருடைய வலது கை மேசை விளிம்புக்கு அடியில் போயிற்று. அங்கே எதையோ தேடியது. நின்றது.

ஆத்தப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான். சிவராஜ் போனை வைத்தார். குனிந்து விளிம்புக்கு அடியில் பார்த்தார். மக்கு வைத்த குழியைக் காட்டிக்கொண்டு அந்தச் சிவப்பு அம்பு இன்னும் அங்கேயே இருந்தது. விரலால் குழியை ஒரு தரம் அழுத்தினார். அப்புறம் கறுப்பு ரெக்சினை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். சுற்றி நின்ற மேசைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், வேண்டுமென்றே, பின்னால் சாய்ந்தார். கிரீச். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஆத்தப்பனுக்கு அழுகை வந்தது. எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. பயமும் அதில் பாதி இருந்தது. சிவராஜ் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.

“நாளைக்கு மருதாசலம் வாரானா, ஆத்தப்பா?”

“ஆமாங்க.”

சிவராஜ் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் ஆத்தப்பன் வந்தபோது கதவு திறந்திருந்தது. பெரிய மேசைமேல் தையல் மெஷினுக்கு விடுகிற, மூக்கு நீண்ட எண்ணெய் டப்பா ஒன்று இருந்தது. நாற்காலிக்கு அடியில் தரையில் எண்ணெய்ச் சொட்டு. மூலை மேசை சுத்தமாகத் துடைத்து, ஒரு காகிதம்கூட இல்லாமல் காலியாகக் கிடந்தது. “இன்னிக்கு வரலைன்னு சொல்லீட்டுப் போனாருங்க. தன்னைப் பாத்தா உங்க மச்சானுக்கு ஆகாதாமா” என்றாள் ரைசா. அவள் முகத்தில் கோபம் இருந்தது. யார்மேல் என்று ஆத்தப்பன் கேட்கவில்லை.

மருதாசலம் வந்தார். சுற்றிப் பார்த்தார். நஞ்சப்பனுக்கு வணக்கம் வைத்தார். நேராகப் பெரிய மேசைக்குப் பின்னால் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆத்தப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நன்றாகப் பின்னால் சாய்ந்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

“பரவால்லீங்களே மாப்ளே” என்றார் மருதாசலம். “கிட்டத்தட்ட நெறச்சுப்போட்டீங்க. அந்த மூலை மேசை யாருது? காலியாங்க?”

ஆமாங்க, காலிதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நஞ்சப்பன் கூடச் சொல்லு என்கிற மாதிரி தலையசைத்தார்.  வாழ்நாளில் அவன் அந்த அளவுக்குப் பயந்ததில்லை. அவ்வளவு பயத்தோடுதான் சொன்னான்.

“சிவராஜ் முதலாளியோடதுங்க. இன்னிக்கு நீங்க வாரீங்கன்னு வராம இருக்கறாருங்க. இந்த மேசையெல்லாம் அவரு கம்பெனிதுங்க, மச்சான். நீங்க உக்காந்திருக்கற சேரும் அவருதுதானுங்க.”

மருதாசலம் தேள் கொட்டினவர் போல எழுந்தார். நாற்காலி சுழன்று நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது.

“இது அந்தச் சேரு இல்லீங்க மாப்ளே. அது சாஞ்சாக் கிரீச்சுன்னு சத்தம் போடும். எனக்குத் தெரியாதா?”

“காலையில எண்ணெய் உட்டுட்டுப் போயிருக்கறாருங்க.”

“யாரு?”

“அவரேதானுங்க.”

மருதாசலம் மூலை மேசையைப் பார்த்தார். எண்ணெய் டப்பாவைப் பார்த்தார்.  பிறகு நாற்காலியை இழுத்து, மெதுவாக, மறுபடியும் உட்கார்ந்தார். காதைத் தீட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து பார்த்தார்.

“நாளைக்கு அவரை வரச் சொல்லுங்க” என்றார்.